ஒரு இடம், நான்கு பேர்: குத்துச்சண்டைப் புகழரங்கத்தில் யாரைச் சேர்ப்பது?

சொந்தமாகப் புகழரங்கப் பட்டியல் போட உட்காருகிற யாருக்கும் முதல் பத்துப் பெயர்களில் சிக்கல் வராது. சுகர் ரே ராபின்சன், முகமது அலி, ஜோ லூயிஸ், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்று பேனா தானாக ஓடும். கடைசி இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். "ஆர்ட்டூரோ காட்டியைப் போடுவதா, நசீம் ஹமீதைப் போடுவதா?" என்று வாசகர்கள் கேட்பது அந்த இடத்தில் நின்றுகொண்டுதான். இந்த இரண்டு பேரோடு, பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் சார்லி பர்லி, கிறிஸ்டி மார்ட்டின் இருவரையும் சேர்த்து நான்கு பேரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான்கு பேரும் ஏற்கெனவே அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற சிற்றூரில் இருக்கும் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கத்துக்குள் இருக்கிறார்கள். பர்லி 1992ல், காட்டி 2013ல், ஹமீது 2015ல், மார்ட்டின் 2020 அணியில். அங்கே நவீன வீரர், பழைய தலைமுறை வீரர், பெண் வீரர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நிஜத்தில் இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை. நம் கையில் இருப்பது ஒரே ஒரு சீட்டு, அதில் ஒரே ஒரு கட்டம் காலி என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் நாம் எதை மதிக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

எதை வைத்து எடை போடுவது

கனஸ்டோட்டா வெங்காய வயல்கள் சூழ்ந்த ஊர். வெங்காயம் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்த கார்மென் பசிலியோ 1957ல் ராபின்சனையே வீழ்த்தி மிடில்வெயிட் எடைப் பிரிவுப் பட்டம் வென்றார். 1970ல் அவருடைய உறவுக்காரப் பையன் பில்லி பேக்கஸ் ஹோசே நாப்போலெஸிடமிருந்து வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். இந்த இருவரையும் கொண்டாட ஊர்க்காரர்கள் தொடங்கிய முயற்சியில்தான் 1989ல் அரங்கம் திறந்தது. முதல் அணி 1990ல் சேர்ந்தது. ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆக வேண்டும் என்று இருந்த விதி இப்போது மூன்றாண்டாகக் குறைந்திருக்கிறது. அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்களும் வரலாற்றாளர்களும் வாக்களிக்கிறார்கள். எதைப் பார்த்து வாக்களிக்க வேண்டும் என்ற தெளிவான அளவுகோலை யாரும் எழுதி வைக்கவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

என் அளவுகோல்கள் நான்கு. முதலாவது, யாரை வென்றார், அந்த ஆள் எந்த நிலையில் இருந்தபோது வென்றார். மற்ற மூன்றையும் கூட்டினாலும் எனக்கு இதுதான் கனமானது. இரண்டாவது, மேல்தட்டில் எத்தனை காலம் நின்றார். மூன்றாவது, எப்படித் தோற்றார், தோற்ற பிறகு என்ன செய்தார். நான்காவது, அவர் இல்லாமல் போயிருந்தால் இந்த விளையாட்டில் ஏதாவது குறைந்திருக்குமா.

பட்டங்களின் எண்ணிக்கை இந்தப் பட்டியலில் இல்லை. விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். இன்று வழக்கமான 17 எடைப் பிரிவுகள், உலகப் பட்டம் தரும் நான்கு பெரிய அமைப்புகள் (டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ). கணக்குப் போட்டால் ஒரே நேரத்தில் 68 உலகப் பட்டங்கள். பர்லி ஆடிய காலத்தில் அடிப்படையில் எட்டே பிரிவுகள். இரண்டு காலத்து பெல்ட்டையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு தொடக்கத்திலேயே தப்பிவிடும்.

அப்புறம், எந்தத் தேர்வுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலை உண்டு. ஒருவரை உள்ளே விட்டால், அடுத்து வருகிறவருக்கு அவரே அளவுகோல் ஆகிவிடுவார். "அவரே உள்ளே இருக்கும்போது இவருக்கு என்ன குறை?" என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வந்து நிற்கும். கீழே ஒவ்வொருவருக்கும் அந்த விலை என்ன என்பதையும் பார்க்கிறேன்.

ஆர்ட்டூரோ காட்டி: நெஞ்சைப் பிடுங்கியவர்

ஆர்ட்டூரோவைப் பற்றிப் பேச வேண்டுமானால் 2002 மே 18, கனெக்டிகட் மாநிலத்து மொஹீகன் சன் அரங்கம், மிக்கி வார்டோடு முதல் சண்டை, ஒன்பதாவது ரவுண்டு. அதைப் பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

மணி அடித்த சில நொடிகளில் வார்டின் இடதுகை ஹூக் (வளைத்து வீசும் குத்து) விலா எலும்புக்குக் கீழே ஈரலில் விழுகிறது. ஈரல் குத்துக்கு ஒரு குணம் உண்டு. விழுந்த கணத்தில் வலிக்காது. ஒரு நொடி கழித்து வலி வரும்போது மனசு நிற்கச் சொன்னாலும் கால் கேட்காது. ஆர்ட்டூரோவின் முகம் அப்படியே கசங்குகிறது, முட்டி போடுகிறார். ஒன்பது எண்ணும்போது எழுகிறார். வார்டு கயிற்றோரம் தள்ளி வைத்துக் குத்திக்கொண்டே இருக்கிறார். நடுவர் ஃபிராங்க் கப்புச்சினோ கிட்டத்தில் வந்து வந்து பார்க்கிறார். இனி முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது, ரவுண்டின் நடுவில் ஆர்ட்டூரோ திரும்பிக் குத்தத் தொடங்குகிறார். இப்போது பின்வாங்குவது வார்டு. கடைசி நிமிடத்தில் மறுபடியும் வார்டின் கை ஓங்குகிறது. அந்தச் சண்டை வார்டுக்குப் போனது. அடுத்த இரண்டையும் ஆர்ட்டூரோ வென்றார்; மூன்றாவதில் வலது கையை உடைத்துக்கொண்டு, ஒரு முறை கீழே விழுந்தும் வென்றார்.

1997, 1998, 2002, 2003 என நான்கு வருடங்களில் 'தி ரிங்' பத்திரிகையின் 'ஆண்டின் சிறந்த சண்டை' விருது அவர் ஆடிய சண்டைக்குப் போனது. நான்காவது அளவுகோலில் அவருக்கு முழு மதிப்பெண். அவர் ஆடுகிறார் என்றால் அட்லாண்டிக் சிட்டி நிரம்பிவிடும். எதிராளி யார் என்று கேட்காமலே டிக்கெட் வாங்கினார்கள்.

சரி, முதல் அளவுகோலுக்கு வருவோம். 40 வெற்றி, 9 தோல்வி. 1995ல் டிரேசி ஹாரிஸ் பேட்டர்சனை வென்று ஐபிஎஃப் பட்டம், 2004ல் ஜான்லூக்கா பிராங்கோவை வென்று டபிள்யூபிசி பட்டம். தன் தலைமுறையின் உச்சத்தில் இருந்தவர்களோடு மோதியபோது என்ன நடந்தது? 2001ல் ஆஸ்கர் டி லா ஹோயா ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். 2005ல் ஃபிளாய்டு மேவெதர் ஆறு ரவுண்டுகள் வெளுத்தபின் ஆர்ட்டூரோவின் கார்னரே (களத்தின் மூலையில் நிற்கும் அவருடைய பயிற்சிக் குழுவே) சண்டையை நிறுத்தியது. இரண்டிலும் அவர் ஒரு ரவுண்டைக்கூடத் தனதாக்கியதாக என் கண்ணுக்குப் படவில்லை. ஐவன் ராபின்சனிடம் ஒரே வருடத்தில் இரண்டு முறை தோற்றார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2000 பிப்ரவரியில் ஜோயி கமாஷுடன் நடந்த சண்டைக்கு எடை எல்லை 141 பவுண்டு. மறுநாள் களமேறும்போது ஆர்ட்டூரோ ஏறத்தாழ 160 பவுண்டு இருந்தார். இரண்டாவது ரவுண்டில் கமாஷ் விழுந்தார், மூளையில் காயம், அதோடு அவருடைய வாழ்க்கைச் சண்டைகள் முடிந்தன. எடை பார்த்த விதம் நீதிமன்றம் வரை போனது. ஆர்ட்டூரோ ஒருவரின் தலையில் மட்டும் இதைக் கட்டிவிட முடியாது. அன்றைக்கு நடைமுறையே அப்படி இருந்தது. ஆனாலும் அவருடைய 'வீரக்கதை'யைச் சொல்லும்போது அந்த இரவை விட்டுவிட்டுச் சொல்வது கமாஷுக்குச் செய்யும் அநியாயம்.

இவரைச் சேர்ப்பதன் விலை: ரசிக்க வைத்ததற்கு இடம் என்றால், அந்த மூன்று சண்டைகளில் சரிபாதி வார்டுடையது. 2013ல் ஆர்ட்டூரோ உள்ளே வந்தபோது வார்டு வரவில்லை. இதற்கு என்ன நியாயம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நசீம் ஹமீது: பாதியில் எழுந்து போன மேதை

ஷெஃபீல்டில், ஏமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பையன். பிரெண்டன் இங்கிலின் ஜிம்மில் தரையில் கோடுகள் வரைந்திருக்கும். அந்தக் கோடுகளின் மேலேயே பிள்ளைகள் கால் மாற்றி மாற்றி நடந்து பழக வேண்டும். ஹமீதின் ஆட்டம் முழுக்க அங்கே பிறந்தது. கைகள் இடுப்பில் தொங்கும், தலை மட்டும் பின்னால் சாயும், எந்தப் பயிற்சியாளரும் "இந்தக் காலில் நின்று குத்தாதே" என்று சொல்லும் காலிலிருந்தே நாக்அவுட் குத்து புறப்படும். மேல் கயிற்றைத் தாண்டிக் குட்டிக்கரணம் போட்டுத்தான் களத்துக்குள் வருவார். இங்கிலாந்தில் ஃபெதர்வெயிட் என்ற சின்ன எடைப் பிரிவுக்குக் கூட்டம் சேர்த்தவர் அவர்.

36 வெற்றி, அதில் 31 நாக்அவுட், ஒரே தோல்வி. 1995ல் கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனிடமிருந்து டபிள்யூபிஓ பட்டம். அப்புறம் டாம் ஜான்சன், கெவின் கெல்லி, வில்ஃப்ரெடோ வாஸ்குவேஸ், சேசர் சோட்டோ என்று தன் பிரிவில் பெல்ட் வைத்திருந்தவர்களையும் முன்னாள் சாம்பியன்களையும் வரிசையாக வென்றார். 1997 டிசம்பரில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கெல்லியோடு நடந்தது நான்கே ரவுண்டு. இருவரும் மும்மூன்று முறை கீழே விழுந்தார்கள், கடைசியில் எழாதவர் கெல்லி. ஆர்ட்டூரோ பேட்டர்சனை வென்றதும் அதே கார்டனில்தான். 1925 முதல் 2007 வரை அங்கே போட்டிருந்த அந்தப் பழைய ரிங் இப்போது கனஸ்டோட்டா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முதல் அளவுகோலில் ஹமீது ஆர்ட்டூரோவை விட மேலே நிற்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை மூன்றாவதில்.

2001 ஏப்ரல் 7, லாஸ் வேகஸ், எதிராளி மார்க்கோ அன்டோனியோ பரேரா. ஹமீதின் இடது கை எட்டாத பக்கமாகவே பரேரா பன்னிரண்டு ரவுண்டும் சுற்றினார், நிதானமாகப் புள்ளி சேர்த்தார். கடைசி ரவுண்டில் ஹமீதின் தலையைப் பிடித்து மூலைக் கம்பத்தில் மோதியதற்குப் பரேராவுக்கு ஒரு புள்ளி பறிபோனது. அப்போதும் முடிவு மாறவில்லை. தோல்வி யாருக்கும் வரும். ஆனால் ஹமீது பரேராவை மறுபடியும் சந்திக்கவில்லை. அதற்கு முன்பே, கட்டாயச் சவாலாளராகக் காத்திருந்த ஹுவான் மானுவேல் மார்க்கேஸையும் சந்திக்கவில்லை. ஒரு வருடம் கழித்து மானுவேல் கால்வோ என்பவரை லண்டனில் புள்ளிக் கணக்கில் வென்றார்; சொந்த நாட்டுக் கூட்டமே கூச்சலிட்டது. அதோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 28.

அந்த லண்டன் சண்டை நடந்த தேதி 2002 மே 18. ஆர்ட்டூரோ ஒன்பதாவது ரவுண்டில் முட்டி போட்டு எழுந்த அதே நாள்.

ஹமீதைச் சேர்ப்பதன் விலை இதுதான்: கடினமான மறுமோதலுக்குப் போகாமல் நல்ல எண்ணிக்கையோடு விலகினாலும் கதவு திறக்கும் என்று சொல்லிவிடுகிறோம். தோற்று, திரும்பி வந்து, மறுபடி தோற்றுத் தன் கணக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்?

சார்லி பர்லி: கதவே திறக்கப்படாதவர்

பட்டமே இல்லை. பட்டச் சண்டைகூட இல்லை. கறுப்பர், திறமை அதிகம், பணம் சேர்க்கும் பெயர் குறைவு. 1940களில் இந்த மூன்றும் சேர்ந்தால் சாம்பியன்கள் யாரும் கிட்டே வர மாட்டார்கள். வந்தால் நஷ்டம் மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1917ல் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1936ல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கான தேர்வில் கலந்துகொள்ள மறுத்து, அதற்கு எதிராக பார்சிலோனாவில் ஏற்பாடான மக்கள் ஒலிம்பிக்குக்குப் போனார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்து அது நடக்காமலே போனது. பிறகு தொழில்முறைக்கு வந்து ஃப்ரிட்ஸி சிவிக்கோடு மூன்று முறை மோதி இரண்டில் வென்றார். 1940ல் சிவிக்தான் ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். தன்னை இரண்டு முறை தோற்கடித்தவனுக்குச் சாம்பியன் ஒரு வாய்ப்புத் தருவார் என்றுதானே நினைப்போம்? சிவிக் தரப்பு பர்லியின் ஒப்பந்தத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. தன் சவாலாளரைத் தானே சொந்தமாக்கிக்கொண்டால் சண்டை எங்கிருந்து வரும்?

சரி, யாரை வென்றார் பர்லி? 1944 ஏப்ரலில், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மிகக் குறுகிய அறிவிப்பில் ஹாலிவுட்டுக்குப் போய் ஆர்ச்சி மூரோடு மோதினார். மூரைப் பலமுறை தரையில் வீழ்த்திப் புள்ளிகளில் வென்றார். அந்த மூர்தான் பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனாகி, பத்து வருடம் அந்தப் பிரிவை ஆண்டவர். தான் சந்தித்தவர்களிலேயே சிறந்தவர் பர்லி என்று மூர் சொன்னார். ஜோ ஃப்ரேசியர் போன்றவர்களுக்குப் பயிற்சி தந்த எடி ஃபட்ச்சின் கருத்தும் ஏறக்குறைய அதுவே. 1942ல் மின்னியாபோலிஸில் 150 பவுண்டுச் சொச்சம் இருந்த பர்லி, 220 பவுண்டு ஹெவிவெயிட் ஒருவரை ஆறாவது ரவுண்டில் நிறுத்தினார். எஸ்ஸார்டு சார்லஸிடம் இரண்டு முறை தோற்றார். சார்லஸ் பின்னால் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். நூறுக்குச் சற்றே குறைவான சண்டைகளில் ஒரு முறைகூட பர்லி நாக்அவுட் ஆனதில்லை. ஓய்வுக்குப் பின் பிட்ஸ்பர்க் நகரத்துக் குப்பை அள்ளும் வேலை.

இவரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விலை உண்டு. அதை மறைக்க மாட்டேன். நாம் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. ஓக்லாந்து பில்லி ஸ்மித் என்பவரோடு மோதியதைத் தவிர அவருடைய படச்சுருள் இல்லை என்றே சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் நாளிதழ்ச் செய்தி, எதிராளிகளின் சாட்சி. முதியவர்களின் நினைவில் பழைய வீரர்கள் எப்போதும் கொஞ்சம் உயரமாகவே இருப்பார்கள். ஆனால் சாட்சி சொல்வது அடி வாங்கிய ஆர்ச்சி மூர். அடித்தவன் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை நான் நம்ப மாட்டேன்; அடி வாங்கியவன் சொன்னால் நம்புவேன்.

கிறிஸ்டி மார்ட்டின்: கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்

1996 மார்ச் 16. லாஸ் வேகஸில் மைக் டைசனும் ஃபிராங்க் புருனோவும் மோதும் இரவு. முக்கியச் சண்டைக்கு முந்தைய சண்டைகளில் ஒன்றாக மார்ட்டினையும் அயர்லாந்தின் டியர்ட்ரே கோகர்ட்டியையும் போட்டிருந்தார்கள். ஆறு ரவுண்டு. மார்ட்டினின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து இளஞ்சிவப்பு உடையில் ஊறியது. அவர் நிறுத்தவில்லை, கோகர்ட்டியும் விடவில்லை. டைசன் மூன்றே ரவுண்டில் வேலையை முடித்துவிட்டதால், மறுநாள் பேச்செல்லாம் அந்தப் பெண்கள் சண்டையைப் பற்றித்தான். அடுத்த மாதம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' அட்டையில் மார்ட்டின் இருந்தார்.

49 வெற்றி, 7 தோல்வி, 3 டிரா. ஆனால் முதல் அளவுகோலில் அவர் தடுமாறுகிறார். வென்றவர்களில் பலர் அவர் தரத்துக்கு வராதவர்கள். திறமையை மட்டும் பார்த்தால் நெதர்லாந்தின் லூசியா ரைக்கர் மேலே: 17 சண்டை, 17 வெற்றி, 14 நாக்அவுட். இருவரும் மோத 2005ல் ஏற்பாடாகி, ரைக்கரின் குதிகால் தசைநார் அறுந்ததால் நின்றுபோனது. பிறகு இருவரும் ஒரே 2020 அணியில் உள்ளே வந்தார்கள். பெண் வீரர்களுக்கு அரங்கம் கதவு திறந்த முதல் அணி அது.

2010ல் கணவரே அவரைக் கத்தியால் குத்தித் துப்பாக்கியால் சுட்டதும், பிழைத்து மறு வருடமே களமேறியதும் பலருக்குத் தெரியும். அந்தத் துணிவுக்கு என் தலை தாழும். ஆனால் வாக்கை அதற்காகப் போடக் கூடாது. இரக்கத்தில் கிடைத்த இடம் என்று நாளை யாராவது சொன்னால் 1996ன் அந்த ஆறு ரவுண்டு மறைந்துபோகும்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | வென்றவர்களின் தரம் | மேல்தட்டில் காலம் | தோல்வியும் பிறகும் | இல்லாவிட்டால் குறை |
|---|---|---|---|---|
| காட்டி | நடுத்தரம் | விட்டு விட்டு | ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார் | மிகப் பெரிது |
| ஹமீது | நல்லது | சுமார் ஆறு வருடம் | திரும்பி வரவில்லை | பெரிது |
| பர்லி | மிக உயர்வு | பத்து வருடத்துக்குக் கிட்ட | சார்லஸிடம் மறுபடியும் மோதினார் | சான்று குறைவு |
| மார்ட்டின் | கலவை | தொண்ணூறுகள் முழுக்க | கடைசி வரை ஆடினார் | மிகப் பெரிது |

யாருக்கு யார் பொருந்துவார்

குத்துச்சண்டையே தெரியாத தம்பி தங்கைக்கு அறிமுகமாக ஒரு பட்டியல் போடுகிறீர்கள் என்றால் ஆர்ட்டூரோவைச் சேருங்கள், தயங்கவே வேண்டாம். ஒன்பதாவது ரவுண்டைப் பார்த்த பிள்ளை திரும்பிப் போகாது. உச்சத்தில் ஒருவர் என்ன செய்ய முடிந்தது என்பதை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் ஹமீது. விளையாட்டை யார் யாருக்கெல்லாம் திறந்துவிட்டார்கள் என்பது உங்கள் பட்டியலின் நோக்கம் என்றால் மார்ட்டின். அவரோடு ரைக்கரையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் சீட்டில் அந்தக் கட்டத்தில் பர்லி இருக்கிறார். முதல் அளவுகோல்தான் கனமானது என்று சொல்லிவிட்டு வேறு பெயரை எழுத என்னால் முடியாது. இரண்டாவது மார்ட்டின், மூன்றாவது ஹமீது. ஆர்ட்டூரோ நான்காவது, இதை எழுதும்போது மனசு வலிக்கிறது, ஆனாலும் நான்காவதுதான்.

இன்னொரு கட்டம் தருகிறோம் என்றால் இந்த நால்வரில் மீதி மூவரிடம் போக மாட்டேன், ஹோல்மன் வில்லியம்ஸை எழுதுவேன். பர்லியோடு ஏழு முறை மோதியவர். மூன்று அவருக்கு, மூன்று பர்லிக்கு, ஒன்று முடிவில்லாமல் போனது. அவருக்கும் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. 1967ல் தீ விபத்தில் இறந்தார். கனஸ்டோட்டா அவர் பெயரைச் சேர்த்தது 2008ல்.